பனி காயும் வரை மூடிய படல்

அந்தக் காலத்தில் ஆடு மட்டுமா பேசியது, நத்தையும் பேசியது. காது கொடுத்துக் கேட்கத்தான் ஆளில்லை.

கண்மாய்க் கரையில் இலைபோலத் தட்டையான புழு ஒன்று போக்கிடம் இல்லாமல் கிடந்தது. நத்தை இரக்கப்பட்டுத் தன் ஓட்டுக்குள் இடம் கொடுத்தது. புழுவோ குஞ்சும் குளுவானுமாகப் பெருகி நத்தையையே அரிக்கத் தொடங்கியது. பொறுக்கமாட்டாமல் நத்தை எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. அவை புல்நுனியில் ஏறிப் பனித்துளிக்குள் பதுங்கிக்கொண்டன. வெயில் என்றால் அவற்றுக்கு அவ்வளவு பயம்.

கரைமேட்டில் பட்டி போட்டிருந்தவள் மாயக்கா. அவளுடைய நாற்பது ஆடுகளுக்கும் முன்னால் நடப்பது கருவாச்சி என்ற சினையாடு. மாசி மாதம். கண்மாய் வற்றிச் சேறாகிவிட்டது. ஓரத்தில் மட்டும் பச்சைப் புல். தண்ணீர் காட்ட இரண்டு கல் தள்ளியிருந்த ஊற்றுக்குப் போகவேண்டும். மாயக்காவுக்கு நடந்து நடந்து அலுத்துவிட்டது.

"பனியோட மேயவிட்டா புல்லும் ஆச்சு, தண்ணியும் ஆச்சு" என்று விடிந்ததுமே பட்டியின் படலில் கை வைத்தாள்.

"ஆத்தா, வெயில் ஏறட்டும்" என்றது நத்தை. "என்னை அரிச்ச கூட்டம் அந்தப் பனிக்குள்ளதான் இருக்கு."

"ஊர்ந்து போற உனக்கு என் அவசரம் தெரியுமா?"

கருவாச்சியும் சொல்லிப் பார்த்தது: "வயித்துல பிள்ளை இருக்கு மாயக்கா. ஊத்துக்கு நான் நடந்துக்கிறேன்."

"நீ நடப்ப. கூட நானும்ல நடக்கணும்!" என்று படலைத் திறந்துவிட்டாள்.

பங்குனி முடிவதற்குள் கருவாச்சியின் கண் வெளுத்துவிட்டது. ரோமம் கையோடு வந்தது. தாடைக்கடியில் நீர் கோத்துப் பைபோலத் தொங்கியது. நத்தை ஓட்டைவிட ஆட்டின் ஈரல் பெரிய வீடு. புழுக்கள் அங்கே குடியேறிவிட்டன.

மாயக்கா பதறிப்போய் ஊற்றுக்கு ஓடி, குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தாள். கருவாச்சி வாய் வைக்கவில்லை.

"நீ மிச்சம் பிடிச்ச தண்ணி இங்கன தொங்குது பாரு. மத்ததுகளையாவது வெயில் பார்த்து விடு" என்றது.

அன்றே குட்டியை ஈன்றுவிட்டுச் செத்தும் போனது. பெற்றவளைப் பறிகொடுத்ததுபோல மாயக்கா அழுதாள்.

மறுநாள் விடியலில் ஆடுகள் பசியில் கத்தின. மாயக்கா தாயில்லாக் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, படலுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். புல்லில் கடைசிச் சொட்டு காயும் வரை எழுந்திருக்கவில்லை.

அன்று முதல்தான் ஈரலில் புழு விழுந்த ஆட்டுக்குத் தாடையில் நீர் தொங்குகிறது. எவ்வளவு கத்தினாலும் பனி காயாமல் ஆட்டுக்காரர்கள் படலைத் திறப்பதில்லை.