பனிக்குள் போன கட்டில்

மார்கழியில் அந்த ஏரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கரையும் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாக இருக்கும். கொக்கு பறந்தால் இறகுச் சத்தம் மட்டும் கேட்கும்.

கரையில் தவமணி அம்மாவின் குடில் இருந்தது. அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் யோசனை கேட்க வந்தவர்களில் பலர் அவரைவிட மூத்தவர்கள். வைரவநாதன் அப்படி ஒருவர். பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து, வண்டிகள் போகும் ஊர்களைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர்.

ஒரு விடியலில் பனிக்குள்ளிருந்து முதலில் அவருடைய போனின் வெளிச்சம் வந்தது. பிறகு அவர் வந்தார்.

"வாங்க மைக் அண்ணே," என்றாள் குடிலில் சமைக்கும் ராக்கம்மா. "வண்டி எந்த ஊருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு கேள்வி அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"எதுல சொன்னா ஜனங்களுக்குக் கேக்கும்?"

அம்மா கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன சொல்லணும்?"

வைரவநாதன் சொன்னார். அவருடைய மனைவி கமலவேணி நெடுநாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனவர். அவர் படுத்திருந்த இரும்புக் கட்டிலையும் காற்று மெத்தையையும் யாருக்காவது உதவட்டும் என்று வைரவநாதன் எடுத்து வைத்தார். நண்பர்கள் சேர்ந்தார்கள். பல வீடுகளில் சும்மா கிடந்த கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. அரிசி ஆலைக்காரர் ஒரு கொட்டகை கொடுத்தார். நோயாளி இருக்கும் வீட்டுக்கு இலவசமாக இரவல். குணமானதும் திருப்பித் தந்தால் போதும்.

"ஃபேஸ்புக்ல போட்டோம். இன்ஸ்டா, யூடியூப், டெலிகிராம், எதையும் விடல. சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் ஹார்ட் வருது. ஆனா கட்டில் கொட்டகையிலேயே கிடக்கு."

"ம்."

"தை பொறந்தா கொட்டகையைக் காலி பண்ணணுமாம். சும்மா கிடக்குற சாமானுக்கு எதுக்கு இடம்னு ஆலைக்காரர் கேக்குறார். பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க." அவர் போனை மடியில் வைத்தார். "அவ கட்டிலும் அதுல இருக்கு. எல்லாத்துக்கும் புதுசா பெயின்ட் அடிச்சேன். அதுல ஒரு கம்பியை மட்டும் விட்டுட்டேன்."

"ஏன்?"

"ஒரு இடம் தேஞ்சிருக்கும். அவ தேச்சது."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போட்டதைக் காட்டுங்க," என்றார்.

அவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். பின்னால் பேனர். நடுவே சக்கர நாற்காலியில் ஒரு கிழவி, தோளில் சால்வை. சுற்றிலும் ஆட்கள். வைரவநாதனின் கணீரென்ற குரல்: தெற்குத் தெரு, இன்னார் தாயார், பக்கவாதம். கடைசியில், தேவைப்படுவோர் ஊர், தெரு, பெயர், நோய் ஆகியவற்றைக் கமென்ட்டில் எழுதவும் என்று வந்தது.

"கமென்ட்டுலயா?"

"எல்லாம் வெளிப்படையா இருக்கணும்ல அம்மா. நாளைக்கு ஒருத்தன், தெரிஞ்சவனுக்குக் கொடுத்தான்னு சொல்லக் கூடாது."

"இந்தப் பாட்டி எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. ஒரே வாரத்துல நாற்காலி வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"நடந்து வந்தா கொடுத்தாங்க?"

வைரவநாதன் வீடியோவை நிறுத்தினார்.

"மகன் கொண்டாந்தான்," என்றார்.

அம்மா மேலே கேட்கவில்லை. "கஞ்சி மணியை அடிங்க ஐயா," என்றார்.

அவர் எழுந்து மணியை அடித்தார். ஓசை வெள்ளைக்குள் போய் எங்கோ தங்கியது. சிறிது நேரத்தில் பனியிலிருந்து தூக்குவாளிகள் வந்தன. பிறகு அவற்றைப் பிடித்திருந்த கைகள், போர்வைகள், முகங்கள். சிலர் இருமினார்கள். ராக்கம்மா ஒவ்வொருவருக்கும் கஞ்சியோடு ஒரு அதட்டலும் கொடுத்தாள். வாங்கியவர்கள் வந்த வழியே கரைந்தார்கள்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார் அம்மா.

"வந்துட்டாங்க," என்றார் வைரவநாதன்.

அம்மா மூடி போட்ட ஒரு சிறு தூக்கில் கஞ்சி ஊற்றினார். "போனை இங்க வச்சிட்டு வாங்க."

"எதுக்கு அம்மா?"

"கொடுங்க இப்படி," என்று ராக்கம்மா போனை வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். "இதுல டவர் வராது. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

இருவரும் கரையோடு நடந்தார்கள். வைரவநாதனுக்குத் தன் கால்களே தெரியவில்லை. எதன்மேல் நடக்கிறோம் என்பதும் தெரியவில்லை. முன்னால் அம்மாவின் வெள்ளைச் சேலை சில நேரம் இருந்தது, சில நேரம் பனியாக இருந்தது. தூரத்தில் ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. அது எந்த ஊர் வண்டி என்று அவர் உதடுகள் தாமாகவே சொல்லிப் பார்த்தன.

ஒரு மாடி வீட்டின் பின்பக்கம் நின்றார்கள். கிணறு, துவைக்கும் கல், பாதி திறந்த கதவு.

"இங்க மணி கேக்குமா?" என்றார் அவர் மெதுவாக.

"நல்லாக் கேக்கும்."

கதவிடுக்கிலிருந்து வளையல் போட்ட ஒரு கை நீண்டது. அம்மா தூக்கை அதில் கொடுத்தார்.

"சாந்தலட்சுமி, இன்னிக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். கையில போன் இல்ல."

கை தூக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு, "வரட்டும்மா," என்றது குரல்.

உள்ளே ஓர் அறை. தரையில் பாய். பாயில் ஒரு கிழவி ஒருக்களித்துக் கிடந்தார். முதுகில் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. மருமகள் சாந்தலட்சுமி அவர் தலையை மடியில் ஏந்தி, கரண்டி கரண்டியாகக் கஞ்சியைப் புகட்டினாள். வேறு எதுவும் அந்தத் தொண்டையில் இறங்குவதில்லை.

வைரவநாதன் அந்தக் கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதிரிக் கட்டுகளை அவர் மனைவிக்குப் பல வருடம் மாற்றியவர்.

"தாயி, நான் வந்து..."

"தெரியும் ஐயா. உங்க வீடியோ எல்லாம் பாத்திருக்கேன். ஒண்ணு விடாம."

"பாத்தீங்களா?"

"அத்தை தூங்குறப்ப பாப்பேன். சத்தம் வைக்காம."

"பாத்துமா கேக்கல? கொட்டகை இங்கதானே இருக்கு?"

அவள் கிழவியின் வாயைத் துடைத்துவிட்டாள். "கேட்டா நாங்களும் அதுல வருவோமே ஐயா."

அவர் பாயின் ஓரமாக உட்கார்ந்தார்.

"என் கொழுந்தனார் சிங்கப்பூர்ல இருக்கார். உங்க ஃபேஸ்புக் பக்கத்துல தினமும் ஹார்ட் போடுறவங்கள்ல அவரும் ஒருத்தர். பெத்த தாயை இரவல் கட்டில்ல போட்டியான்னு கேப்பார். ஊரும் கேக்கும். நாத்தனாருக்கு மாப்பிள்ளை வேற பாக்குறோம்." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "கமென்ட்டுல பேரு, தெரு, நோயி எல்லாம் எழுதச் சொல்லியிருந்தீங்க. ரெண்டு தடவை எழுதி எழுதி அழிச்சேன். ஒரு நம்பர் மட்டும் போட்டிருந்தா, கிணத்தடிக்குப் போய் ஒரு வாய்ஸ் அனுப்பியிருப்பேன்."

கிழவி கண்ணைத் திறந்து வைரவநாதனைப் பார்த்தார். "யாரு? மாப்பிள்ளை வீடா?" என்றார்.

"இல்ல அத்தை. தெரிஞ்சவங்க."

"காப்பி கொடு," என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இருவரும் குடிலுக்குத் திரும்பினார்கள். ராக்கம்மா அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். "மணி அடிச்சுச்சு அண்ணே. உள்ள இருந்த அரிசி எடுத்துப் பேசிடுச்சு," என்றாள். அவர் போனை வாங்கிப் பார்க்காமலே பையில் போட்டார்.

மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் ஒரு கட்டில் போனது. முன்பக்கம் சாந்தலட்சுமியின் கணவன், பின்பக்கம் வைரவநாதன். மேலே ஒரு போர்வை. எதிரே வந்த பால்காரர் சைக்கிளை ஓரம் கட்டி, "யாரப்பா அது?" என்றார். இருவரும் நிற்காமல் நடந்தார்கள். அவர் மணியடித்துக்கொண்டு போய்விட்டார். கட்டில் பனிக்குள் மிதப்பதுபோலப் போயிற்று. அதைத் தூக்குகிறோம் என்பதே வைரவநாதனுக்கு மறந்துபோனது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ கூடவே போவதுபோல இருந்தது.

கிழவியை மெத்தையில் கிடத்தினார்கள். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவர் கை பக்கத்துக் கம்பியைத் தேடிப் பிடித்தது. பெயின்ட் இல்லாத கம்பி.

வைரவநாதன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

"போட்டோ எடுத்தியா?" என்று நண்பர்கள் கேட்டார்கள்.

"எடுக்கல. ஒரே பனி," என்றார் அவர்.

அன்றே பழைய வீடியோக்களை நீக்கினார். தெற்குத் தெருப் பாட்டி வீட்டுக்குப் போய்ப் பின்வாசலில் நின்றார். அதிக நேரம் நின்றபிறகுதான் கதவு திறந்தது. சக்கர நாற்காலி மறுபடி அந்த வீட்டுக்குப் போனது.

ஃபேஸ்புக்கில் ஒரு காலிக் கட்டிலின் படம் மட்டும் போட்டார். கீழே ஒரு வாட்ஸ்அப் எண். 'வாய்ஸ் அனுப்பினால் போதும். பெயர் சொல்ல வேண்டாம். பின்வாசலுக்கு வருவோம்.' மற்றப் பக்கங்களில் புதிதாக எதையும் போடவில்லை.

ஹார்ட்டுகள் நின்றுபோயின. முதலில் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு குரல் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் யாரோ பேசினார்கள். அடுத்தது மாட்டுக் கொட்டிலிலிருந்து. பேச்சுக்கு நடுவே மாடு கத்தியது. ஒன்றில் குரலே இல்லை, மூச்சு மட்டும் இருந்தது. அதற்கு அவர், "காத்திருக்கேன்," என்று பதில் அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அந்த மூச்சு பேசியது.

தை பிறந்தது. ஆலைக்காரர் வந்து கொட்டகையைத் திறந்தார். பேனர் சுருட்டி ஒரு மூலையில் நின்றது. வேறு ஒன்றும் இல்லை.

"என்னய்யா, இரும்புக்குப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க. வீடுகள்ல இருக்கு."

"எந்த வீட்டுல?"

வைரவநாதன் சொல்லவில்லை. ஆலைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். காலிக் கொட்டகையைப் பார்த்தார். பூட்டைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்தார். "திரும்பி வந்தா வைக்க இடம் வேணும்ல," என்றார்.

ஆனால் நண்பர்களுக்கு மனம் ஆறவில்லை. செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டாமா என்றார்கள். புதிதாக ஒரு ஆப் வந்திருக்கிறது, இப்போது ஊரே அதில்தான் இருக்கிறது, அதில் சேரலாம் என்றார்கள்.

வைரவநாதன் குடிலுக்கு வந்தார். பனி மெலிந்திருந்தது. ஏரி கொஞ்சம் தெரிந்தது.

"அதுல சேரலாமா அம்மா?"

அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கமலவேணி அம்மாவுக்குத் தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பாங்க?"

"கடைசில அவளுக்குப் பேச்சு வரல. வளையலால கட்டில் கம்பியைத் தட்டுவா."

"உங்களுக்குக் கேக்குமா?"

"அடுக்களைல இருந்தாலும் கேக்கும். வாசல்ல நின்னாலும் கேக்கும். பஸ் ஸ்டாண்டுல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறப்ப மட்டும்..."



தண்ணீருக்கு மேலே ஒரு கொக்கு பறந்தது. இம்முறை அது கண்ணுக்கும் தெரிந்தது.

"அந்தப் புது இடத்துல நின்னா," என்றார் அம்மா, "அந்த வளையல் சத்தம் கேக்குமா ஐயா?"