அளவுக்கல்லை நம்பிய அதிகாரி

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். கண்டவர் யாரும் இன்றைக்கு உயிரோடு இல்லாத அந்தப் பழங்காலத்தில், செம்பாறு என்று ஒரு பெரிய ஆறு ஓடியது. தலைநாடு, இடைநாடு, கடைநாடு என்று மூன்று நாடுகள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் அடுப்பு மூட்டின. ஆற்றின் குறுக்கே ஓர் அணை. அந்த அணையைக் காக்க, மூன்று நாட்டையும் ஆண்ட ராசா வைத்திருந்த அதிகாரியின் பெயர் சேந்தனார்.

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவன் கெடுத்த கதையென்றால் நாலு வசவு வைதுவிட்டு எழுந்து போய்விடலாம். இது அப்படி இல்லை.

அணைக்குள் ஓர் அளவுக்கல் நின்றது. அடியிலிருந்து உச்சிவரை முழத்துக்கு ஒரு கோடு. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ, அத்தனை முழம் தண்ணீர் இருப்பதாகக் கணக்கு. அணையின் அடியில் சேற்றுமடை என்று ஒரு துளையும் இருந்தது. ஆண்டுதோறும் முதல் வெள்ளம் வந்ததும் மடைக்காரர்கள் மூழ்கிப்போய் அதைத் திறப்பார்கள். மூன்று நாள் கலங்கல் தண்ணீர் கடலுக்கு ஓடும். அது பழைய வழக்கம்.

பஞ்சம் வந்தது. ஓராண்டா, ஈராண்டா? ஒன்பது ஆண்டு! வெள்ளமென்று வந்தது பழைய வெள்ளத்தில் கால்வாசி.

முதலாண்டு மடைக்காரன் மூக்கன் வந்து, "ஐயா, சேற்றுமடையைத் திறக்கணுங்க" என்றான்.

"தொண்டை நனைக்கத் தண்ணீர் இல்லை. இதில் மூன்று நாள் தண்ணீரைக் கடலில் கொட்டவா? போடா!" என்றார் சேந்தனார்.

இரண்டாம் ஆண்டும் வந்தான். இரண்டாம் ஆண்டும் விரட்டினார். மூன்றாம் ஆண்டு அவன் வாசலில் தலை காட்டியதுமே, கல்லும் சுண்ணாம்பும் வைத்து அந்தத் துளையையே அடைக்கச் சொல்லிவிட்டார்.

அதிசயத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு மழை குறைந்தது; அளவுக்கல்லில் தண்ணீர் மட்டும் பெரிதாக இறங்கவேயில்லை! ராசா மெச்சினார். சனங்கள் சேந்தனாரைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். மனிதருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஒன்பதாம் ஆண்டு ஒரு தூறல்கூட இல்லை. குதிர்கள் காலி. வீட்டுக்கு வீடு மிஞ்சியது விதைநெல் ஒன்றுதான். பிள்ளை பசியில் அழுதாலும் கை வைக்காமல் காத்த நெல் அது. அளவுக்கல்லோ பத்து முழம் காட்டியது. ஒரு போகத்துக்குத் தாராளம்! சேந்தனார் மூன்று நாட்டிலும் முரசறையச் சொன்னார்: "நான்காம் நாள் மதகு திறக்கும். விதைநெல்லை ஊறப்போடுங்கள்."

மறுநாள் காலையில் அணையைப் பார்வையிடப் பரிசலில் போனார். துடுப்புப் போட்டவன் மூக்கன். அளவுக்கல்லைக் கிட்டத்தில் பார்க்கலாமென்று எட்டிச் சாய்ந்தார் பாருங்கள், பரிசல் புரண்டு தொப்பென்று தண்ணீரில் விழுந்தார். நீச்சல் தெரியாத மனிதர். "ஐயோ, செத்தேன்! மூக்கா!" என்று கையையும் காலையும் உதைத்துக்கொண்டு கத்தினார்.

மூக்கன் பரிசலைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். "எழுந்து நில்லுங்க ஐயா" என்றான்.

எழுந்து நின்றார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

பிழைத்தோமென்று ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. அடுத்த மூச்சில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பத்து முழம் காட்டும் கல்லுக்குப் பக்கத்தில், இடுப்பளவுத் தண்ணீர்! காலுக்கடியில் கொழகொழவென்று ஏதோ அவரை முழங்கால்வரை உள்ளே இழுத்தது.

"இது என்னடா?"

"சேறுங்க. ஒன்பது வருசச் சேறு. மடையை அடைச்சீங்க, அடியில சேறு ஏற ஏறத் தண்ணி மேலே நின்னுச்சு. கல்லு மேல்மட்டத்தைத்தானே காட்டும்?"

சேந்தனார் பரிசல் விளிம்பை எட்டிப் பிடித்தார். "எத்தனை நாளைக்கு வரும்?"

"குடத்துக்கு மட்டும்னா அடுத்த மழைவரைக்கும் இழுத்துப் பிடிக்கலாம். வயலுக்குத் திறந்தா மூணே நாள். இப்பவே ஆளனுப்பிச் சொல்லிடுங்க ஐயா. இன்னும் யாரும் விதையை நனைச்சிருக்க மாட்டாங்க."

"நானே சொல்கிறேன். அதுவரை நீ வாயைத் திறந்தால் உனக்கு நாக்கு இருக்காது." நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா? அவர் வாயிலிருந்துதான் இது வந்தது!

முதல் நாள் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தார். இரண்டாம் நாள் அரண்மனை வாசல்வரை போனார். காவலர்கள் எழுந்து கும்பிட்டதும் திரும்பி வந்துவிட்டார். மூன்றாம் நாள் ராசாவின் எதிரிலேயே போய் நின்றார். ராசா தம் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் மாலையோடு வீடு திரும்பினார்.

நான்காம் நாள். மதகடியில் ராசாவும் மூன்று நாட்டுச் சனமும் கூடிவிட்டார்கள். ஆட்கள் மதகுப் பலகையில் கை வைத்தார்கள். அவ்வளவுதான், சேந்தனார் ஓடிப்போய் அந்தப் பலகையைக் கட்டிக்கொண்டார். "திறக்காதீர்கள்! உள்ளே இருப்பது சேறு! திறந்தால் குடிக்கவும் இருக்காது!" என்று அலறி, நடந்ததையெல்லாம் கொட்டினார்.

தலைநாட்டாரும் இடைநாட்டாரும் தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு விதையை நனைக்கலாமென்று இருந்தவர்கள். அவர்கள் விதை தப்பியது.

கடைநாடு சேந்தனார் பிறந்த நாடு. நம்ம பிள்ளை சொல்லிவிட்டான் என்று அவர்கள் ஒரு மணி மிச்சம் வைக்காமல் ஊறப்போட்டுவிட்டார்கள்!

ராசா வாளை உருவினார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். சேந்தனாரின் கூடப்பிறந்த அக்காள் சடைச்சி. தம்பியிடம் காட்ட ஆசையாய்க் கொண்டுவந்த முளைநெல் அவள் முந்தானையில் இருந்தது.

"இது உனக்கு எப்படா தெரியும்?"

"மூன்று நாளாகத் தெரியும் அக்கா."

சடைச்சி முந்தானையை விரித்து முளைநெல்லைக் காட்டினாள். "நாங்க ஊறப்போட்டு ரெண்டு நாள்தானேடா ஆகுது" என்றாள்.

சேந்தனார், வாள் சீக்கிரம் விழட்டும் என்று கழுத்தை நீட்டினார். சடைச்சி ராசாவைப் பார்த்தாள். "அந்தத் தலை எங்க வயல்ல முளைக்காது ராசா. விதை கொடுங்க" என்றாள்.

வாள் உறைக்குள் போனது. தலைநாடும் இடைநாடும் தங்கள் விதையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தன. அணைத் தண்ணீர் குடத்துக்கு மட்டும் என்றாயிற்று. முளைவிட்ட நெல்லை இடித்துக் கடைநாட்டார் அழுதுகொண்டே தின்றார்கள். அடுத்த ஆண்டு மழை பெய்தது. ஆனால் வாங்கிய விதை கடைநாட்டு வயலில் பாதிக்குத்தான் எட்டியது. மீதிப் பாதிக்கு உரியவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். போனவர்களில் சடைச்சியும் ஒருத்தி. சேந்தனார் சாகும்வரை அணைக்குள் சேறு சுமந்தார். அவரைத் தம்பி என்று கூப்பிட அதன்பின் யாரும் வரவில்லை.

நீதி இதுதான்: செய்தது பிழை என்று தெரிந்த பொழுதே அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளுக்கும் நம்மை நம்பியவர்களே பட்டினி கிடக்கிறார்கள்.