சாப்பிடாத இருபத்துநாலு பேர்

எங்கேயோ போக வேண்டிய மங்கோலியப் படை ஒன்று வழி தவறி, குன்றப்பாடிக் கோட்டைக்கு முன்னால் வந்து கூடாரம் போட்டது. பட்டினி தாங்காமல் உள்ளே இருப்பவர்கள் தாங்களாகவே கதவைத் திறப்பார்கள் என்று காத்திருந்தது.

ஊர்த்தலைவர் மழவராயர் பெண்களையும் பிள்ளைகளையும் முன்பே மலைக்கு அனுப்பியிருந்தார். மிச்சம் இருந்தது சமையலுக்குச் சாத்தன், மதிலுக்குப் பன்னிரண்டு பேர். காலையில் வெள்ளை, மதியம் சிவப்பு, சாயங்காலம் பச்சை என்று தலைப்பாகையை மாற்றிக் கட்டி மதில்மேல் நடக்க வேண்டும், ஆள் நிறைய இருப்பதாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் பன்னிரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு, உதவிப்படை தேடிப் போனார்.

சொன்னபடியே நடந்தார்கள். மங்கோலியர் நம்பினார்களோ இல்லையோ, சாத்தன் நம்பிவிட்டான். அடுப்படியிலிருந்து பார்த்தால் தலைப்பாகை மட்டும்தான் தெரியும். மூன்று வேளையும் எண்ணிக் கூட்டிப் பார்த்தான். முப்பத்தாறு வந்தது. திரும்ப எண்ணினாலும் முப்பத்தாறுதான். நெல்லோ ஊர்க்காரர்களுக்கே இழுத்துப்பிடித்துத்தான் வரும். கூட்டம் போட்டான்.

"சிவப்பும் பச்சையுமா இருபத்துநாலு பேர் அசலூர்க்காரங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூடச் சோறு கேக்கலை."

பன்னிரண்டு பேரில் மூத்தவரான காரி யோசித்தார். "நான் ஒரு தடவைகூட அவங்கள நேர்ல பாத்ததில்லையே."

"எப்படிப் பாப்பீங்க மாமா? நீங்க இறங்கின பிறகுதானே ஏறுறாங்க. மரியாதை தெரிஞ்சவங்க."

காரிக்குக் கண் கலங்கியது. பட்டினியோடு நம் ஊரைக் காப்பவர்களை வெளியே போகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாதுதான். இருக்கிற நெல்லை அவர்களுக்கு விட்டுவிட்டு நாமே போய்விடுவது என்று முடிவாயிற்று.

கதவைத் திறந்துபோட்டுப் போவது பொறுப்பில்லை என்பதால், சாத்தன் மட்டும் பின்தங்கி உள்ளே தாழ்போட்டு, மதிலிலிருந்து அகழியில் குதித்து நீந்தி வந்தான்.

மங்கோலியர் எல்லோரையும் வளைத்துப் பிடித்தார்கள். உள்ளே எத்தனை பேர் என்று படைத்தலைவன் கேட்க, உடனிருந்த ஒருவன் அதைத் தமிழில் சொன்னான்.

"இருபத்துநாலு பேர்," என்றார் காரி. "நல்ல வீரருங்க. சாப்பாடுதான் தொட மாட்டாங்க."

படைத்தலைவன் ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தான். எல்லோரும் அதையே சொன்னார்கள். சாப்பிடாதவர்களை எப்படிப் பட்டினி போடுவது? பிடித்தவர்களை விட்டுவிட்டு, அன்றைக்கே கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போனான்.

மழவராயர் உதவிப்படையோடு வந்தபோது எதிரி இல்லை. கோட்டையைச் சுற்றி அவருடைய ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டார்.

"எவ்வளவோ தட்டிட்டோம் ஐயா, உள்ள இருக்கறவங்க திறக்க மாட்டேங்கறாங்க," என்றான் சாத்தன். "அதான் முற்றுகை போட்டிருக்கோம். பசி எடுத்தா திறந்துதானே ஆகணும்?"