பணியாரத்துக்கு வந்த ஏழு கூட்டாளிங்க

ஒரு ஊர்ல, ஆத்தோரத்துல நாணக்குடின்னு ஒரு ஊர்ல, சொர்ணத்தாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் ஓடம் தள்ளுவான், இவ பணியாரம் சுட்டு விப்பா. கருப்பட்டி போட்டு இவ சுட்டா, அக்கரையில போறவன்கூட வாசனை புடிச்சு இக்கரைக்கு வந்துருவான். ஆனா புள்ளதான் தங்கல.

மொதப் பொண்ணு பொறந்துச்சு, ராசாத்தின்னு பேர் வச்சா, மூணு வயசு முடியுமுன்ன போயிருச்சு. கோடாங்கி மாசானம் வந்தான். உடுக்கை அடிச்சுக் குறி பாத்து, "இது வந்து வந்து போற புள்ள"ன்னு சொல்லி, திரும்பி வந்தா அடையாளம் தெரியட்டும்னு, பொதைக்குமுன்ன அது காதோரத்துல கரிப்பொட்டு வச்சு அனுப்பிட்டு, கூலிக்கு ஒரு ஆட்டைப் புடிச்சுட்டுப் போனான். ரெண்டாவதும் பொண்ணு, தங்கம்னு பேர் வச்சா. காதோரத்துல பாத்தா அதே கரிப்பொட்டு, மச்சமா இருக்கு! அதுவும் போச்சு, இன்னொரு ஆடும் போச்சு. மூணாவதும் பொண்ணு, அதே மச்சம். அழகான பேர் வச்சாத்தான கண்ணு படும்னு, அத ஒரு படி தவிட்டுக்குப் பக்கத்து வீட்டுல வித்து, திரும்ப வாங்கி, தவிட்டம்மான்னு பேர் வச்சா. சிரிக்காதீங்கடா, பெத்தவ பயம் அவளுக்குத்தான் தெரியும்.

தவிட்டம்மாவுக்கும் மூணு வயசு முடியப் போகுது. உச்சிப்பொழுதானா புளியமரத்தைப் பாத்துத் தனியாப் பேசுது, ஒடம்பு அனலாக் கொதிக்குது. உடனே வந்துட்டான் மாசானம். மூணாவது ஆட்டை மொதல்ல அவுத்துக் கையில புடிச்சுக்கிட்டு, "சூட்டுக்கோலைக் காயப் போடு. உள்ளங்கால்ல இழுத்தாத்தான் இது அடங்கும்"ங்கிறான்.

"எம்புள்ள மேல கை வச்சே, பணியாரக் கம்பி உன் மூக்குல ஏறும்!"னு கம்பியைத் தூக்கிட்டா சொர்ணத்தாயி.

"அப்ப இதையும் பொதைச்சுக்க"ன்னு சொல்லிட்டு அவன் நடையைக் கட்டினான். ஆட்டை விடலையே, ஆட்டோடதான் போனான்!

இவ புள்ளய மடியில போட்டுக்கிட்டு, "ஆத்தா, ஒன்ன யாரு கூப்புடுறா?"ன்னு கேட்டா.

"என் கூட்டாளிங்க. ஏழு பேரு. புளி பூக்குமுன்ன வந்துருவேன்னு சத்தியம் பண்ணிட்டேம்மா."

"அங்க என்ன பண்ணுவாங்க?"

"வெளையாடுவாங்க."

"என்ன திம்பாங்க?"

"காத்து."

"அடப் பாவமே, வெறுங் காத்தா!"

அழுதுக்கிட்டிருந்தவ எந்திரிச்சா. அடுப்பைத் தூக்கிட்டுப் போயி புளியமரத்தடியில வச்சா, மாவை ஊத்துனா, ஏழு எலை போட்டு ஏழு பணியாரம் வச்சா. கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள எலை காலி!

"அத்தே, நல்லாருக்கு. நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போறோம்"னு மரத்துலருந்து ஒரு கொரலு.

ரெண்டாம் நாளும் சுட்டா, எலை காலி. "அத்தே, இன்னும் நல்லாருக்கு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறோம்."

மூணாம் நாளும் சுட்டா, எலை காலி. "அத்தே, இன்னைக்குக் கூட்டிட்டுப் போறோம்."

சொர்ணத்தாயி பணியாரக் கம்பியைக் கீழ போட்டா. "கூட்டிட்டுப் போங்க. நான் படுத்துக் கெடந்து அழுவேன். அழறவ எங்க மாவாட்டுறது, எங்க அடுப்புப் பத்த வைக்கிறது?"

மரத்துல குசுகுசுன்னு பேசிக்குதுங்க. அப்புறம், "அப்ப தெனமும் பணியாரம் திங்க நாங்க என்ன பண்ணணும் அத்தே?"ன்னு மெதுவாக் கேக்குதுங்க.

"அவளை ஏன் அங்க கூப்புடுறீங்க? நீங்க இங்க வந்து பொறங்க. புள்ளையில்லாத வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கு!"

வண்ணான் வீடு எனக்கு, செக்கு வீடு எனக்குன்னு ஆறு பேரு வீடு புடிச்சுட்டாங்க. ஏழாவது இருக்கே, அதுதான் கூட்டத்துக்கே தலைவன், சரியான வாலு. "எனக்குத் தெனமும் ஆட்டுப்பால் வேணும். நெறைய ஆடு எந்த வீட்டுல இருக்கு?"ன்னுச்சு.

நெறைய ஆடு யாரு வீட்டுல இருக்கும்? கரெக்டு! சொர்ணத்தாயி சிரிப்பை அடக்கிக்கிட்டு, "மாசானம் வீட்டுக்குப் போ ராசா, அங்கயும் புள்ளை இல்ல"ன்னா.

அன்னைக்கே தவிட்டம்மாவுக்குக் காய்ச்சல் எறங்கிருச்சு. பத்தாம் மாசம் ஊர்ல ஏழு குவாகுவா! மாசானம் புள்ள இருக்கே, அப்பன் உடுக்கையைத் தொட்டா வீறிட்டு அழும், அவன் நாலு காலுல நடந்து 'மே'ன்னு கத்துனாத்தான் நிறுத்தும். குறி கேக்க வந்தவங்க அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சுட்டுப் போயிருவாங்க, அப்புறம் எவன் வருவான்?

ஒருநாள் அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. பொண்டாட்டி சொன்னா: "ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே, சூட்டுக்கோல் காய வைக்கட்டுமா?"

"ஐயோ, எம்புள்ளைக்கா!"ன்னு அத வாரி அணைச்சுக்கிட்டான் மாசானம். அப்பத்தான் அவனுக்கு உறைச்சுது. காய்ச்சல் விட்டதும், இடுப்புல புள்ளையும் கையில மூணு ஆடுமா சொர்ணத்தாயி வாசல்ல வந்து தலை குனிஞ்சு நின்னான்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன்."

அவ ஆட்டைக் கட்டிட்டு, அந்த வாலுக்கு ஒரு பணியாரம் குடுத்தா. அது தின்னுட்டு, "அத்தே, இன்னொண்ணு"ன்னுச்சாம்.

அவங்க வயிறும் நெறஞ்சுது, என் கதையும் முடிஞ்சுது, கண்ண மூடுங்க கழுதைங்களா.