ஏழாவது இலை

தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று வயது. மீன்தொட்டி விஷயத்தில் அவருடைய குரு ரெஜினாவுக்கு முப்பத்தைந்து. கொளத்தூரில் வண்ணமீன் கடைக்குப் பஞ்சமா என்ன? ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, விற்பதற்காக ஒரு வார்த்தை கூடப் பேசாத கடை ரெஜினாவுடையதுதான். அதனால் மனுஷன் அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

அவர் மனைவி கஸ்தூரி எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். முதுகெலும்பில் புற்றுநோய். வெயில் எட்டாத பின்பக்க அறை. படுத்தபடி பார்க்க ஏதாவது வேண்டுமே என்று இரண்டடி மீன்தொட்டி ஒன்றை வாங்கி வைத்தார். மீன்கள் ஓடுவதைப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றியது. "செடி போதுங்க," என்றாள்.

ரெஜினா அனுபியாஸ் என்ற நீர்ச்செடியைக் கொடுத்தார். கல்லில் நூலால் கட்டிய செடி. ஆறு இலை.

"குறைஞ்ச வெளிச்சம் போதும். தண்டை மண்ணுல புதைச்சா அழுகிடும். மத்தபடி கை வைக்காதீங்க."

கஸ்தூரி நாள் முழுக்க அதையே பார்த்தாள். ஒரு நாள், "ஏழாவது இலை வந்தா எந்திரிச்சு உட்கார்ந்துடுவேன் பாருங்க," என்றாள்.

ஆடி தாண்டாது என்று டாக்டர் தணிகாசலத்திடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவளிடம் தணிகாசலம் சொன்னது, "தேறிடுமாம்."

கடைக்கு ஓடினார்.

"சீக்கிரம் இலை விட என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம். கூடவும் ஆகலாம்."

அவருக்கு அது பொறுக்கவில்லை. முப்பது வருஷம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். வெளிச்சத்தைக் கூட்டினால் எல்லாம் நடக்கும் என்று நினைத்தார். பெரிய விளக்கை வாங்கி மாட்டி, விடிந்ததிலிருந்து எரியவிட்டார். பத்தே நாளில் இலையெல்லாம் பாசி. தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிட்டது.

ரெஜினா விளக்கைக் கழற்றச் சொன்னார். பாசியைத் துணியால் துடைக்கச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த தப்பைச் செய்திருக்க மாட்டாரோ என்னவோ.

அடுத்த தப்பு இது. வேறொரு கடையில் ஏழு இலையுள்ள செடியாகப் பார்த்து வாங்கினார். மத்தியானம் கஸ்தூரி அசந்த நேரத்தில் தொட்டியில் மாற்றி வைத்தார். அவள் விழித்ததும், "பார்த்தியா, ஏழு," என்றார்.

கஸ்தூரி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மூணாவது இலையில நத்தை தின்ன ஓட்டை இருக்கும். அது எங்க?"

அவர் தொட்டிக் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரு செடிக்கே பொய் சொல்றீங்களே. டாக்டர் என்ன சொன்னார்னு நீங்க சொன்னதை நான் எப்படிங்க நம்புறது?"

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடுவதற்குக் கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பேச்சும் நின்றது.

மூன்றாம் நாள் ரெஜினாவின் கடையில் வந்து உட்கார்ந்து சொல்லி முடித்தபோது தணிகாசலம் அழுதுவிட்டார்.

"முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவம்மா. முகத்தைப் பார்க்காமயே போயிடுவா போலிருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய செடி எங்க?"

"மொட்டை மாடியில வீசிட்டேன்."

ரெஜினா ஷட்டரை இறக்கினார். ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தார். நேராக மாடிக்குப் போனார்கள்.

தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் செடி கிடந்தது. ஆறு இலையும் அப்பளமாய் நொறுங்கின. ரெஜினா உட்கார்ந்து, காய்ந்ததையெல்லாம் கிள்ளினார். தண்டை நகத்தால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் கொழகொழவென்றிருந்தது. அதை வெட்டி எறிந்தார். மிஞ்சியது சுண்டுவிரல் நீளம். அதைக் கல்லில் வைத்து மறுபடி நூலால் கட்டினார்.

"இதைக் கொண்டுபோய் வைங்க. அந்தப் புதுசை எடுத்துடுங்க."

"நல்லா இருக்கற செடியை எடுத்துட்டு இந்தக் கட்டையை வைக்கறதா?"

"ஆமா."

தணிகாசலம் அதை இரண்டு கையாலும் வாங்கினார். இலை இல்லாமல் அது செடி மாதிரியே இல்லை.

"பொழைக்குமாம்மா?"

"தெரியாது."

"அவ கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

தணிகாசலம் படியில் கால் வைத்தார். இறங்கவில்லை. கீழே அறைக் கதவு திறந்திருந்தது.

"அவ செடியைப் பத்தி மட்டும் கேட்க மாட்டாம்மா."

"கேட்கட்டும் சார்," என்றார் ரெஜினா. "கேட்கறதுக்காவது இந்தப் பக்கம் திரும்புவாங்கல்ல."