அடுப்பு பத்தாத வீடெல்லாம் ஒரே துண்டு

அடிச்சுச் சத்தியம்! இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் நாக்கை எறும்பு இழுத்துட்டுப் போகட்டும்.

முன்னொரு காலத்துல புங்கநாட்டை வடமலையான்னு ஒரு ராசா ஆண்டாரு. தங்கமான மனுசன், ஆனா கிறுக்கு எப்ப ஏறும்னு தெரியாது. ஒரு நா, "என் குடிசனத்தை எண்ணணும்"னுட்டாரு. நாடோ பெருசு. துண்டு துண்டாப் பிரிச்சாத்தான் எண்ண முடியும்.

சபையில கோல்நாதர்னு ஒருத்தர். மந்திரி மருதக்குட்டியோட பதவி மேல அவருக்கு ரொம்ப நாளாக் கண்ணு. நாட்டுப் படத்தை விரிச்சு, கோலை வச்சு நேர்நேராக் கோடு இழுத்தாரு. "பாருங்க மகாராசா, கட்டம் கட்டமா, ஒண்ணுக்கொண்ணு சமம்!"

மருதக்குட்டி சிரிச்சுட்டாரு. "கோடு போட்டு வெட்ட சனங்க என்ன பூசணிக்காயா?"

ராசாவுக்குச் சுர்ருன்னுச்சு. "நாளைக்குள்ள இது தப்புன்னு காட்டு. இல்லாட்டி உன் பதவி அவருக்கு!"

மறுநா மத்தியானம் ராசா பசியோட சாப்பாட்டுக் கூடத்துக்குப் போறாரு. வாசப்படியில சுண்ணாம்புக் கோடு. பக்கத்துல மருதக்குட்டி.

"கோல்நாதர் கோடு இந்த வழியாத்தான் போகுது ராசா. நீங்க படுக்குறது கெழக்குத் துண்டு, சாப்புடுறது மேக்குத் துண்டு. கெழக்க எண்ண வர்றவன் 'சாப்புடுற எடத்துல எண்ணட்டும்'னு போயிருவான். மேக்க வர்றவன் 'படுக்குற எடத்துல எண்ணட்டும்'னு போயிருவான். நாட்டுக் கணக்குல நீங்களே இல்ல!"

உள்ளருந்து ராணி எட்டிப் பாத்தாங்க. "யாரது? வேத்துத் துண்டு ஆம்பளைக்கு இங்க எல போட மாட்டோம்!"

ராசாவுக்குப் பாதி சிரிப்பு, பாதி பசி. "சரிய்யா, பின்ன எப்படித்தான் பிரிக்கிறது?"

"ஒரு வீட்ல எழவு விழுந்தா, பொணத்தை எடுக்குற வரைக்கும் எந்தெந்த வீட்ல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்களோ, அதெல்லாம் ஒரு துண்டு. சனங்க ஏற்கெனவே பிரிச்சு வச்சிருக்காங்க ராசா. நாம போய்க் கேட்டாப் போதும்."

"சபாஷ்! பதவி உனக்கேதான். ஓய் கோல்நாதரே, கோலைக் கீழ போட்டுட்டு நீரே போய்க் கேளும். உம்ம தெருவுல ஆரம்பியும்!"

கோல்நாதர் பக்கத்து வீட்டு ராக்காயி முன்னால போய் நின்னாரு. "ஆத்தா, எங்க வீட்ல எழவுன்னா நீ அடுப்பு பத்த வைப்பியா?"

"செத்தது யாருங்கறதப் பொறுத்து. நீருன்னா பாயசமே வைப்பேன்!"

தெருவே சிரிச்சுது. மனுசனுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. ராக்காயிக்கே பாவமாயிருச்சு.

"சும்மா சொன்னேன் சாமி. உமக்கும் பட்டினி கெடப்போம். உள்ள வந்து ஒரு வாய் கஞ்சி குடியும். ஒண்ணே ஒண்ணு, நான் கறி எடுக்குற நாளாப் பாத்துச் செத்துராதேயும்!"

அம்புட்டுத்தான் கதை. கேட்ட காது ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறுக்கு எடுங்க. "ஒரு காதாலதான் கேட்டேன்"னு எவனும் தப்பிக்கப் பாக்காதீங்க!