சுவரில்லாத வாசல்

முன்னொரு காலத்தில் மாவேள் என்று ஓர் அரசர் இருந்தார். தோற்றுப்போன அரசர்.

அந்தப் பக்கத்தில் ஏழு நாட்டார் கூடிப் பேரரசர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். போட்டியிடும் அரசர் தமக்கென ஒரு துணைவரைச் சேர்த்துக்கொண்டு, இருவரும் ஒரே பலகையில் நிற்க வேண்டும். நாட்டார் தத்தம் ஊர் மண்ணைக் கொண்டுவந்து, பிடித்த இருவரின் காலடியில் கொட்டுவார்கள்; குவியல் பெரிதானவர் பேரரசர். மாவேள் மலைநாட்டுக் குன்றவாணரைத் துணைவராக நிறுத்தினார். கடற்கரை நாட்டார் தங்கள் மண்ணைப் பக்கத்துப் பலகையில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்று ஆண்டுகள் கழிந்தும் கடற்கரைக்காரரான நெடுந்திரையர் அவையில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "என்னை நிறுத்தியிருந்தால் இன்று தாங்கள் பேரரசர். அந்த மலைக்காரர் கெடுத்தார்."

கேட்டுக் கேட்டு அரசருக்கும் அப்படியே தோன்றிவிட்டது. குன்றவாணரை நாடு கடத்தத் தீர்மானித்தார்.

அவையைச் சிரிக்கவைக்கும் விகடன் பூதன் குறுக்கே வந்தான். "அரசே, தாங்கள் வென்றதாகத் திரையர் சொல்லும் அந்த நாட்டை யார் பார்த்தது?"

"நீயே காட்டு. நாளை மாலைக்குள். காட்டாவிட்டால் குன்றவாணரோடு நீயும் கிளம்பு."

மறுநாள் அரண்மனை முற்றத்தில் ஒரு வாசல்நிலை நின்றது. சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் நிலை.

"இதைத் தாண்டினால் திரையர் துணைவராக நின்ற நாடு, அரசே. தாங்கள் அங்கே பேரரசர்."

அரசர் எழுந்தார். இடுப்பில் பேத்தி இருந்தாள். அவளில்லாமல் அவர் எங்கும் போவதில்லை.

"குழந்தையை இறக்கிவிட வேண்டும்."

"ஏன்?"

"தாங்கள் தோற்றதால்தான் வடநாட்டுச் சம்பந்தம் முறிந்தது. இளவரசியார் நம் படைத்தலைவரை மணந்தார். வென்ற நாட்டில் இவள் பிறக்கவே இல்லை."

அரசர் வாசல் முன் நின்றார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. அவர் இறக்கவில்லை.

"அரசர் யோசிக்கட்டும்," என்றான் பூதன். "திரையர் முன்னால் போகலாமே. துணைவர் ஆசனம் அங்கே காத்திருக்கிறது. ஒன்றுதான், போனவர் இந்த நாட்டவர் அல்லர். இங்குள்ள வீடும் வயலும் அவருக்கு இல்லை."

நெடுந்திரையர் பின்வாங்கினார். "என்னடா விளையாட்டு? அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இதே முற்றம்தான்."

"கேட்டுக்கொள்ளுங்கள், அரசே. நான் சொல்லியிருந்தால் விகடம் என்பீர்கள்."

அரசர் சிரித்தார். அவையும் சிரித்தது. "மூன்று ஆண்டாக எந்த நாட்டைப் பற்றி ஐயா என் காதில் ஓதினீர்?" என்று கேட்டார். திரையர் தரையைப் பார்த்தார். மூட்டை கட்டி வைத்திருந்த குன்றவாணர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அரசர் தம் கைக்காப்பைக் கழற்றிப் பூதனுக்குப் போட்டார்.

அவை கலைந்தது.

"பூதா, நான் குழந்தையை இறக்கிவிட்டுப் போயிருந்தால்?"

"போகமாட்டீர்கள் என்று நினைத்தேன்."

"நீ போய்ப் பார்த்தாயா?"

பூதன் வாசல்நிலையில் கை வைத்தான்.

"காலையில், தச்சர் போனதும். சித்திரையில் என் மனைவி காய்ச்சலில் போனாளே, அப்போது வேறு மருத்துவரை அழைத்திருந்தால் என்று..."

அவன் நிலையிலிருந்து கையை எடுத்தான்.

"திரையர் சொன்னது சரிதான், அரசே. இதே முற்றம்தான்."